கொட்டகையின் தீர்ப்பு

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பெருவழியில், பாறசாலையைக் கடந்து நெய்யாற்றின்கரையை எட்டுமுன், சாலைக்குச் சற்று விலகி அமைந்த சிற்றூர் தனுவச்சபுரம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இத்தகைய நிலை புதிதன்று. ஆனால் நான் சொல்ல வந்தது எல்லையின் கதையன்று. அந்த எல்லை பிறப்பதற்கு முன்பே திருவிதாங்கூரில் ஊர் ஊராகக் கொட்டகை போட்ட தமிழ் நாடகக் கம்பெனிகளின் கதை. நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ரயில் வந்தது 1979-இல்தான். அதற்கு முன்னர் திரைகளும் உடுப்புப் பெட்டிகளும் ஆர்மோனியமும் சாலை வழியே வந்தாகவேண்டும்.

அவ்வளவு பாடுபட்டு வந்திறங்கும் கம்பெனியாருக்கு ஊரின் மனம் தெரிந்திருக்க வேண்டும். எந்த நாடகத்தை முதலில் போடுவது, எதை எத்தனை இரவு நீட்டுவது, பபூனை எந்தக் காட்சிக்குப் பின் அனுப்புவது என்பதெல்லாம் அவர்களது கவலை. வசூல் ஒரு கணக்கு, கைதட்டல் மற்றொன்று. இரண்டும் எப்போதும் ஒத்துவருவதில்லை. நாற்காலியில் அமர்ந்தோர் மெச்சும் இடத்தில் தரை டிக்கெட்டில் இருப்போர் கொட்டாவி விடுவதுண்டு. பாட்டுப் பிடித்துவிட்டால் ‘ஒன்ஸ்மோர்’ என்று கொட்டகையே முழங்கும். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு அந்தச் சொல்லுக்கு இணையான தமிழ் இன்றுவரை அகப்படவில்லை; ஆங்கிலம் அறியாதவரே அதைத் தமிழாக்கிவிட்டனர்!

இந்தக் கூச்சலுக்கு அடிபணிந்தால் நாடகம் என்னவாகும் என்பதை ஸ்பெஷல் நாடகங்கள் காட்டின. வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகர்கள் ஒத்திகையின்றி வந்து ஓரிரவு கூடுவர். வள்ளியும் வேலனும் தர்க்கம் செய்யும் காட்சி, சபையோர் ஊக்க ஊக்க நீண்டுகொண்டே போகும். கதை ஒருபுறம் நிற்கும். போட்டி ஒன்றே மிஞ்சும். சபையை மகிழ்விப்பது வேறு, அதற்கு ஏவலராவது வேறு என்று பழைய ஆசிரியர்கள் உணர்ந்தது இவற்றைக் கண்டுதான்.

அவர்களுள் தலையாயவர் தூத்துக்குடிச் சங்கரதாஸ் சுவாமிகள். அவரைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. அவர் எமனாகத் தோன்றியபோது கர்ப்பிணி ஒருத்தி அஞ்சிக் கருக்கலைந்தாள் என்றும், சனீசுவரன் வேடத்தோடு விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்ற அவரைக் கண்ட ஒரு பெண் அதிர்ச்சியில் உயிர் நீத்தாள் என்றும், அதன்பின் சுவாமிகள் வேடம் கட்டுவதையே விட்டார் என்றும் சொல்வர். வேறொரு நடிகர் இதைத் தம் வெற்றியென்று விளம்பரம் செய்திருப்பார். சுவாமிகளோ தாம் விலகி, எழுதவும் கற்பிக்கவும் அமர்ந்தார். கட்டுக்கு அடங்காத பெரியவர்களை நம்பாது, 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைச் சிறுவர்களைக் கொண்டு தொடங்கினார். அங்கே சேர்ந்தவர்கள்தாம் டி. கே. எஸ். சகோதரர்கள்.

சுவாமிகள் 1922-இல் மறைந்தார். சகோதரர்கள் 1925-இல் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தோற்றுவித்தனர். டி. கே. ஷண்முகம் பிறந்ததும் அந்நகரில்தான். தமிழ் நாடகத்துக்கு அங்கே முன்பே தடம் இருந்தது. 1892-இல் டி. சி. அச்சுதமேனன் மலையாளத்தில் ‘சங்கீத நைஷதம்’ இயற்றியது, ஊர் ஊராகச் சென்ற தமிழ்க் கம்பெனிகள் அவ்வகை நாடகத்துக்கு ஏற்படுத்திய மோகத்தால்தான். அந்த மோகம் எல்லை மீறவே, கண்டவரெல்லாம் நாடகம் எழுதுவதை எள்ளி முன்ஷி ராமக்குறுப்பு ‘சக்கீ சங்கரம்’ எழுதினார். ரசிகனின் தீர்ப்பு கைதட்டலாக மட்டுமன்றி நையாண்டியாகவும் வரும்.

அதே 1925-இல் சபையில் சேர்ந்தவர் நாகர்கோவில் ஒழுகினசேரியைச் சேர்ந்த என். எஸ். கிருஷ்ணன். கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன் அவர். சபையோரின் முகங்களை அவர் மேடையிலிருந்து படிக்கத் தொடங்கியவரல்லர்; தரையிலிருந்தே படித்தவர். எந்தச் சொல்லுக்கு எவர் சிரிப்பார் என்பதைக் கம்பெனி நடத்துவோர் கணக்குப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருக்க, இவர் கூட்டத்துக்கு நடுவே நடந்து கற்றிருந்தார். 1931-இல் இச்சபை அரங்கேற்றிய ‘தேசபக்தி’யில் காந்தியடிகளின் கதையை வில்லுப்பாட்டாக நுழைத்தவரும் அவரே. வில்லுப்பாட்டு நாஞ்சில் நாட்டிலும் நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும் கோயில் கொடைகளில் ஒலிப்பது. தேசியச் செய்தியைத் தாங்க, ஊரார் முன்பே நேசித்த ஒரு வடிவம் கிடைத்தது.

1942-இல் ஷண்முகம் ‘ஔவையார்’ நாடகத்தில் கிழவி வேடம் தாங்கினார். காதலில்லை, இளம் நாயகியில்லை, நாடகம் முழுதும் ஒரு மூதாட்டி. வசூலை மட்டும் எண்ணும் எவரும் அதை ஏற்றிருக்க மாட்டார். சபையோர் ஏற்றனர். முப்பது வயதுக் கலைஞரின் பெயருக்கு முன் ‘ஔவை’ என்ற சொல் நிலையாக ஒட்டிக்கொண்டது. சென்னையில் ஒரு சாலை இன்றும் அப்பெயரைத் தாங்குகிறது.

அவர் 1973-இல் காலமானார். அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த ‘எனது நாடக வாழ்க்கை’யில் ஊர்தோறும் தம் நாடகங்களுக்கு நேர்ந்ததை எழுதி வைத்துள்ளார். வெற்றிகளுடன் வசூலற்ற இரவுகளும் அதில் இருக்கின்றன. எனக்கு அந்த இரவுகளைப் படிப்பதில்தான் ஆர்வம் மிகுதி.