பழைய பேனல் டிரக்: வாங்கும் முன் படிக்க வேண்டிய வரலாறு

பி.காம் முதலாம் ஆண்டில் எங்களுக்குத் தேய்மானம் நடத்தினார்கள். கடைக்கு ஒரு வண்டி வாங்கினால், ஆண்டுதோறும் அதன் மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். சில ஆண்டுகளில் பேரேட்டில் அதன் மதிப்பு பூஜ்ஜியம். கணக்கு முடிந்தது. சரி, வண்டி என்ன ஆனது? அதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை!

அப்படிக் கணக்கிலிருந்து காணாமல் போன ஒரு வண்டியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அமெரிக்காவின் பேனல் டிரக். பழைய வண்டிகளைப் புதுப்பிப்பவர்கள் அங்கே இதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று படிக்கப் போனேன். அந்தப் பரிசோதனையே ஒரு வரலாற்றுப் பாடம் என்று அப்போதுதான் புரிந்தது.

பேனல் டிரக் என்றால் என்ன?

முன்பாதி பிக்கப் வண்டி போலவே இருக்கும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் திறந்த தொட்டிக்குப் பதிலாக, கூரையோடு மூடிய தகரக் கூடு. பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது. பின்னால் இரண்டு கதவுகள். சரக்கு நனையாது, எளிதில் திருடும் போகாது.

1908ல் ஃபோர்டின் மாடல் டி வந்த பிறகு, கடைக்காரர்கள் அதன் சேஸிஸ் மேல் தங்களுக்கு வேண்டிய கூட்டைக் கட்டிக்கொண்டார்கள். 1917ல் சரக்கு வேலைக்கென்றே மாடல் டிடி என்ற சேஸிஸை ஃபோர்டு விற்கத் தொடங்கியது. 1918ல் டாட்ஜ் பிரதர்ஸ் மூடிய பேனல் வண்டியையே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் ரொட்டிக்கடை, பூக்கடை, சலவைக்கடை, பிளம்பர் என்று எல்லோரும் இதைத்தான் ஓட்டினார்கள். ஜன்னல் இல்லாத அந்தப் பக்கத் தகரம் நல்ல விளம்பரப் பலகையாகவும் ஆனது. கடையின் பெயரைப் பெயிண்டர் கையால் எழுதித் தருவார்.

இனி ஒரு குறிப்பிட்ட வண்டியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1947ல் செவர்லே புதிய வடிவில் டிரக்குகளை வெளியிட்டது. 'அட்வான்ஸ் டிசைன்' என்று அவற்றுக்குப் பெயர். 1955ன் தொடக்கம் வரை அந்த வடிவம் நீடித்தது. அதில் அரை டன் பேனல் டிரக்கின் எண் 3105. இப்படி ஒரு வண்டி விற்பனைக்கு வந்தால் எதைப் பார்ப்பது?

முதலில் வயது

ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒரு சிறிய எண் தகடு இருக்கும். அதில் HP என்பதற்கு நிகரான ஆங்கில எழுத்துகள், அதாவது 'எச்.பி' இருந்தால் 1950ஆம் ஆண்டு அரை டன் வண்டி, 'ஜே.பி' இருந்தால் 1951. தகடு காணாமல் போயிருந்தாலும் வண்டியே வயதைச் சொல்லிவிடும். கதவில் முக்கோணக் காற்றுக் கண்ணாடி 1951ல்தான் வந்தது. அழுத்தித் திறக்கும் கைப்பிடி 1952ல். நடுவில் பிரிவு இல்லாத ஒற்றை முன்கண்ணாடி 1954ல். 1950 என்று சொல்லி விற்கும் வண்டியில் முக்கோணக் கண்ணாடி இருந்தால், விற்பவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். எங்கோ இடித்து, வேறு வண்டியின் கதவை மாட்டியிருக்கலாம். உழைத்த வண்டி அல்லவா!

உரிமைப் பத்திரத்தையும் கையோடு பாருங்கள். அந்தக் காலத்தில் சில மாநிலங்களில் வண்டி எண்ணுக்குப் பதிலாக என்ஜின் எண்ணைப் பத்திரத்தில் எழுதிவிட்டார்கள். பிறகு என்ஜினை மாற்றியிருந்தால் பத்திரம் ஒன்று, வண்டி ஒன்று. எண்கள் ஒத்துப்போகாவிட்டால் பணம் கொடுப்பதற்கு முன்பே அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

பின்னாலிருந்து தொடங்குங்கள்

வண்டி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் பானட்டைத் திறப்பார்கள். பேனல் டிரக்கில் இது தப்பு என்பது என் கருத்து. காரணம் எளிது. முன்பக்க மட்கார்டு, பானட், கிரில் எல்லாம் பிக்கப் வண்டிக்கும் பொது. பிக்கப் ஏராளமாக ஓடியதால் அந்தப் பாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பின்பாதியின் நீண்ட பக்கத் தகரம், கூரை, பின்கதவு ஆகியவை அப்படியல்ல. அவை பெரும்பாலும் அதே கூட்டைக் கொண்ட சபர்பன் போன்ற ஓரிரு வண்டிகளோடு மட்டும் ஒத்துப்போகும். அவையும் அரிதுதான்.

ஆகவே சட்டைப் பையில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். பக்கத் தகரத்தின் அடிப்பகுதி, பின்சக்கரத்தின் மேல்வளைவு, பின்கதவின் கீழ்விளிம்பு ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் உள்ளே தகரம் இல்லை, பட்டிதான் பூசியிருக்கிறார்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பக்கத் தகரத்தின் மேல் கண்ணை ஓட்டினால் ஒடுக்குகளும் அலைகளும் தெரியும். இவ்வளவு பெரிய தட்டையான தகரத்தை நேராக்குவது டிங்கரிங் வேலையில் மிகக் கடினமானவற்றில் ஒன்று. பின்னாளில் வாங்கியவர்கள் பக்கத்தில் ஜன்னல் வெட்டி, பிறகு மூடியிருக்கிறார்களா என்று உள்ளே ஏறிப் பார்க்கவும்.

உள்ளே சரக்குத் தளம் மரப்பலகை. பலகை உளுத்திருந்தால் மாற்றிவிடலாம். ஆனால் அதன் ஈரம் கீழே உள்ள இரும்புச் சட்டங்களை எவ்வளவு தின்றிருக்கிறது என்பதுதான் கேள்வி. ஸ்குரூ டிரைவரால் மெதுவாகக் குத்திப் பாருங்கள். குளிர்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் வடமாநிலங்களில் ஓடிய வண்டிக்கும், அரிசோனா பாலைவனத்தில் நின்ற வண்டிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும்.

என்ஜின் சொல்லும் கதை

1953 வரை அரை டன் வண்டியில் 216 கன அங்குல, ஆறு சிலிண்டர் என்ஜின். ஏறத்தாழ 90 குதிரைத்திறன். இதில் கனெக்டிங் ராடு பேரிங்குகள் உருக்கி ஊற்றிய பாபிட் உலோகம். அவற்றுக்கு எண்ணெயை அள்ளியும் பீய்ச்சியும் தரும் பழைய முறை. அந்த வேலை தெரிந்த பட்டறைகள் இப்போது குறைவு. 1954ல் வந்த 235 என்ஜினில் எண்ணெய் அழுத்தத்தோடு எல்லா இடத்துக்கும் போகும். பேரிங்கும் கழற்றி மாற்றும் வகை.

இன்னொன்று. இந்த வண்டி மணிக்கு 80 கிலோமீட்டரை நெருங்கினாலே என்ஜின் கதறும். பழுது என்று நினைக்காதீர்கள். பின் அச்சின் பல்சக்கர விகிதம் 4.11. பாரத்தோடு தெருத்தெருவாக நின்று நின்று போகத்தான் அப்படி வைத்தார்கள். இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளுக்கான சட்டத்தில் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்டதே 1956ல்தான். இந்த வண்டி பிறந்தபோது அந்தச் சாலைகளே இல்லை!

ஏன் இவ்வளவு அரிது?

1961 மாடலாக ஃபோர்டு எகானோலைன் போன்ற வேன்கள் வந்தன. நீண்ட மூக்கு இல்லாததால் அதே நீளத்தில் அதிகச் சரக்கு ஏறியது. பேனல் டிரக் மெல்ல ஒதுங்கியது. 1970 மாடலோடு செவர்லேயும் அதை நிறுத்திக்கொண்டது. குடும்பக் காரைப் பாசத்தோடு ஷெட்டில் வைத்திருப்பார்கள். கடை வண்டியை யார் வைத்திருப்பார்கள்? தேய்மானம் கழித்து முடித்த வண்டி, ஓடும் வரை ஓடிக் காயலான் கடைக்குப் போனது.

அதனால்தான் கடைசியாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். பின்பாதி கெட்டிருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். செலவு செய்த பணம் விற்கும்போது திரும்பி வராது. பின்பாதி நன்றாக இருந்து வாங்கிவிட்டால், பெயிண்டைச் சுரண்டும் முன் சற்று நில்லுங்கள். மேல் பூச்சை ஈரமான உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தால், பழைய கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் சில வண்டிகளில் மங்கலாக எழுந்து வரும். ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள். அந்தக் கடையின் பேரேடுகள் எப்போதோ எரிந்திருக்கலாம். அதற்கு மிஞ்சிய ஒரே சாட்சி அந்தத் தகரமாகக்கூட இருக்கலாம்.

தேய்மானப் பாடத்தில் எங்களுக்குச் சொல்லாமல் விட்ட கடைசிப் பக்கம் இதுதான் என்று நினைக்கிறேன்.