பெரியவர் கேட்ட த்ரீ நாட் த்ரீ

தேர்தல் தேதி அறிவித்த கையோடு, லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்துவிடும். எங்கள் பக்கத்து விவசாயிகள் சிலர் அதைப் பழைய கோணியில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கட்டி எடுத்துப் போவார்கள். போன தேர்தலின்போது அப்படி ஒருவர் போவதைப் பார்த்த என் பேரன், "தாத்தா, இதுவும் மிலிட்டரி துப்பாக்கியும் ஒண்ணுதானா?" என்று கேட்டான். சட்டென்று பதில் வரவில்லை. பல வருடங்களுக்கு முன் இதே கேள்வியை வேறு மாதிரி கேட்ட ஒரு பெரியவர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

1978 வாக்கில் இருக்கும். துப்பாக்கி லைசென்ஸ் பார்க்கும் பிரிவில் நான் இளநிலை எழுத்தர். ஒரு பெரியவர் மனுவோடு வந்தார். இரண்டாம் உலகப்போரில் பர்மா வரை போய்வந்தவர். கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றித் தொல்லை, அதனால் துப்பாக்கி வேண்டும் என்று எழுதியிருந்தார். என்ன துப்பாக்கி என்ற இடத்தில் ".303 ரைஃபிள்" என்று இருந்தது.

"ஐயா, இது தடை செய்யப்பட்ட போர். நாங்க கொடுக்க முடியாது. டெல்லிக்குத்தான் எழுதணும்" என்றேன்.

"போரா? போருதான் முடிஞ்சிபோச்சே தம்பி" என்றார் அவர். குழல் துவாரத்தின் அளவுக்கு ஆங்கிலத்தில் 'போர்' என்று பெயர். அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "ஆறு வருசம் அத்தத் தோள்ல மாட்டிக்கினு அலைஞ்சேன். அப்ப குடுத்தாங்க. இப்ப இன்னா, நான் திருடனாயிட்டனா?" என்று கேட்டார்.

விதி எண்ணைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த விதி ஏன் வந்தது என்று அவருக்குச் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அப்போது எனக்கே தெரியாது. ஓய்வு பெற்றபின் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மலையிலிருந்தே தொடங்கலாம். ஆங்கிலேயர் எழுதிவைத்ததில் பெருமுக்கல் 'பெர்மகோயில்' என்று வரும். 1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் வென்ற அயர் கூட்டின் படை, மார்ச் மாதம் பெருமுக்கல் கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தது. 1782இல் ஹைதர் அலியும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து அதை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார்கள். அந்தச் சண்டைகளில் ஆங்கிலச் சிப்பாய் கையில் இருந்தது 'பிரவுன் பெஸ்' என்ற சக்கிமுக்கித் துப்பாக்கி. குழல் முக்கால் அங்குலம். பிரெஞ்சுப் படையின் 'ஷார்ல்வீல்' துப்பாக்கிக்குக் குழல் சற்றுச் சிறியது, .69 அங்குலம். பிரெஞ்சுக் குண்டு ஆங்கிலக் குழலில் தொளதொளவென்று இறங்கிவிடும். ஆங்கிலக் குண்டு பிரெஞ்சுக் குழலில் இறங்காது.

அதே காலத்தில் நம் பாளையக்காரர்களின் ஆட்கள் திரித் துப்பாக்கி வைத்திருந்தார்கள். திரியைப் பற்றவைத்து, ரஞ்சகத்தில் நெருப்பு வைத்துச் சுடுவது. மழை வந்தால் போச்சு. ஆனால் அதன் குழல் நீளம் என்பதால், சில நாட்டுத் துப்பாக்கிகள் பிரவுன் பெஸ்ஸைவிடத் தூரமாகவே சுட்டன. ஆகவே பலத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் அன்று இல்லை. நாட்டுத் துப்பாக்கி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. அவரவர் அச்சில் அவரவர் ஈயக் குண்டு வார்த்துக்கொள்ள வேண்டும். பட்டாளத் துப்பாக்கியோ ஆயிரம் இருந்தாலும் ஒரே அளவு, ஒரே குண்டு, முனையில் பயனெட் மாட்ட வசதி. அது சிப்பாயின் சொத்தும் இல்லை. சர்க்கார் கொடுத்தது, சர்க்காருக்கே திரும்பப் போகும்.

பாளையக்காரர் போர் முடிந்து, மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட 1801ஆம் வருடமே, டிசம்பர் 1இல் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தெற்குச் சீமையில் ஜனங்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று சொன்ன பிரகடனம் அது.

அடுத்த திருப்பம் 1857. அப்போது வந்த என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலுக்குள் மரை போலச் சுற்றி ஓடும் பள்ளங்கள் இருந்தன. அதனால் குண்டு சுழன்றுகொண்டு நேராகப் போகும். 'ரைஃபிள்' என்ற பெயரே அந்தப் பள்ளங்களால் வந்ததுதான். அதன் தோட்டாவில் தடவிய கொழுப்பால் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். கலகம் அடங்கியபின் ஆங்கிலேயர் செய்தது பலருக்குத் தெரியாது. வெள்ளைச் சிப்பாய்க்கு ரைஃபிளைக் கொடுத்துவிட்டு, இந்தியச் சிப்பாய்க்குப் பள்ளம் இல்லாத வழுவழுப்பான குழல் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். வெளித்தோற்றம் ஒன்றுதான். பட்டாளத்துக்குள்ளேயே இரண்டு வகை.

1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. நம்மவர் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. இதெல்லாம் அவநம்பிக்கையால் வந்தது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் 1907இல் நடந்ததைப் படித்தபோதுதான் பெரியவரின் கேள்விக்கு விடை கிடைத்தது. அப்போது வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் யானைக்கும் புலிக்கும் .450 போர் ரைஃபிள் வைத்திருந்தார்கள். பட்டாளத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கும் குண்டு அதே அளவு. வடமேற்கு எல்லையில் சர்க்காரை எதிர்த்தவர்களிடம் மார்ட்டினி-ஹென்றிகள் நிறைய இருந்தன. வேட்டைக்கென்று வரும் குண்டு அவர்கள் கைக்குப் போய்விடும் என்ற பயத்தில், .450 போரையே இந்தியாவில் இறக்குமதி செய்யத் தடை போட்டார்கள். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? .465, .470 என்று அளவைக் கொஞ்சம் மாற்றிப் புது ரைஃபிள்கள் செய்து அனுப்பின. அடிக்கும் வேகம் ஏறக்குறைய அதேதான். சர்க்காருக்கும் ஆட்சேபணை இல்லை.

அதாவது சர்க்கார் பயந்தது துப்பாக்கிக்கு அல்ல, தோட்டாவுக்கு. தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய். பட்டாளத்துத் தோட்டா வெளியே கசிந்தால் அதைப் போட்டுச் சுட வெளியில் துப்பாக்கி இருக்கக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

சுதந்திரப் போராட்டத்தில் இந்தச் சட்டமும் ஒரு குறையாகவே பேசப்பட்டது. 1930 ஜனவரியில் காந்தி வைசிராய்க்கு முன்வைத்த 11 கோரிக்கைகளில் உப்பு வரியை ஒழிக்க வேண்டும் என்பது ஒன்று. மரக்காணம் உப்பளக்காரர்களுக்கு அது தெரிந்திருக்கும். அதே பட்டியலின் கடைசியில், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்பதும் இருந்தது. உப்பு வரி போய்விட்டது. லைசென்ஸ் இன்றுவரை இருக்கிறது.

சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959இல் நிறைவேறி, 1962 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. வெள்ளையர், கறுப்பர் பேதம் ஒழிந்தது. ஆனால் தோட்டாக் கணக்கு அப்படியே நின்றது. விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும் இயந்திரத் துப்பாக்கி, தடை செய்யப்பட்ட ஆயுதம். அது யாருக்கும் புரியும். அதற்கும் மேலே, .303, 7.62 மில்லிமீட்டர் போன்ற பட்டாளத் தோட்டா எந்த ரைஃபிளில் நுழையுமோ அதுவும் தடை என்று 1962 விதிகள் சொல்லின. விவசாயிக்கு? 13ஆவது பிரிவைப் பாருங்கள். பயிரைக் காக்க, வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. தற்காப்புக்கும் வேட்டைக்கும் என்றால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, பள்ளமில்லாத குழல் துப்பாக்கி. கோணிப்பையில் நம்மூர்க்காரர்கள் கொண்டுபோவது பெரும்பாலும் இவைதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலை பொதுமக்களுக்கென்று .315 ரைஃபிள் செய்தது. அதன் பூட்டு அமைப்பு அந்தப் பெரியவர் தோளில் சுமந்த லீ-என்ஃபீல்டின் அமைப்பேதான். தோட்டா மட்டும் ஆஸ்திரியப் பட்டாளத்தின் பழைய தோட்டா. இங்கே எந்தப் படையிலும் அது இல்லாததால் தடையும் இல்லை. .303ஐவிட அது சாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதுவும் காட்டுப்பன்றியைச் சாய்க்கும், மனிதனையும் சாய்க்கும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் போர்த் துப்பாக்கிக்கு 'ஃபுஸி த கேர்', வேட்டைத் துப்பாக்கிக்கு 'ஃபுஸி த ஷாஸ்' என்று தனித்தனிப் பெயர் உண்டு. பிரான்சிலும் 1939 ஏப்ரலில் போட்ட ஆணை, பட்டாளத் தோட்டா அளவுகளைத் தனியாகப் பிரித்தது. அங்கேயும் வேட்டைக்காரர்கள் பட்டாளத் துப்பாக்கியின் அளவை மாற்றி வைத்துக்கொண்டார்கள். 2013 செப்டம்பரில்தான் அந்தப் பாகுபாட்டைக் கைவிட்டு, துப்பாக்கி எப்படி இயங்குகிறது, எத்தனை தோட்டா கொள்ளும் என்று பார்க்கத் தொடங்கினார்கள். நம் நாட்டில் உத்தரப்பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தில்தான் த்ரீ நாட் த்ரீக்கு விடைகொடுத்தது.

விதி தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கழுவெளியில் பறவைகளைச் சுட்டவர்கள் என்று பிடிபடுகிறவர்களிடம் இருக்கும் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியே நமக்குப் போதும். அதில் பட்டாளத் தோட்டாவும் சேர வேண்டாம்.

அந்தப் பெரியவர் சில மாதம் கழித்து வேறு மனு கொடுத்தார். இந்த முறை மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. லைசென்ஸ் கிடைத்தது. புத்தகத்தை நான்தான் அவர் கையில் கொடுத்தேன். வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்க பாட்டன் வச்சிருந்தது மாதிரி" என்று மட்டும் சொன்னார். அவர் மேல் சந்தேகப்பட்டு யாரும் மறுக்கவில்லை, தோட்டா கசியக் கூடாது என்பதற்காக எழுதிய விதி அது என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன. பேரனுக்காவது இப்போது சொல்லியிருக்கிறேன்.