நின்று துடுப்பிடும் பலகை: அலை நீரும் அமைதி நீரும்

நின்று துடுப்பிடும் பலகை என்பது, நீளமான மிதவைப் பலகை ஒன்றின்மேல் ஒருவர் நின்றபடி, ஆளுயரத்துக்கு மேற்பட்ட ஒற்றை அலகுத் துடுப்பால் வலித்துச் செல்லும் நீர்க்கலன் ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இதனைச் 'சப்' என்று சுருக்கமாக அழைப்பர். இன்று உலகின் பல கடற்கரைகளிலும் ஏரிகளிலும் ஆறுகளிலும் இதனைக் காணலாம். இப்பலகையை வாங்க வருபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அதனை அலையில் ஓட்டப்போகிறாரா, அலையற்ற அமைதி நீரில் ஓட்டப்போகிறாரா என்பதாகும். இந்தக் கேள்வி இவ்விளையாட்டைக் காட்டிலும் பழையது. துடுப்பு கைக்கு வருவதற்கு முன்பே, ஹவாய்த் தீவு மக்கள் நீரின் தன்மை பார்த்துப் பலகையை வேறுபடுத்தியிருந்தனர்.

பழைய ஹவாயின் இரு பலகைகள்

அலைச்சறுக்கு ஹவாய் மொழியில் 'ஹெஏ நலு' எனப்படும். 1778-இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக் அத்தீவுகளை அடைந்தபோது, அது அரசர், குடிமக்கள், ஆண், பெண் என எல்லாரும் ஆடிய விளையாட்டாக இருந்தது. குக்கின் கப்பலில் இருந்த ஜேம்ஸ் கிங் என்ற அதிகாரி, கியலக்கேகுவா விரிகுடாவில் கண்ட காட்சியை 1779-இல் எழுதி வைத்தார்.

அக்காலப் பலகைகளில் இரண்டு வகைகள் இங்கு முக்கியமானவை. முதலாவது 'அலாயா'. இது மெல்லியது, பெரும்பாலும் ஆளுயரத்திலிருந்து 12 அடி வரை நீளமுடையது. வேல மரங்களுக்கு உறவான 'கோஆ' மரத்திலிருந்தோ ஈரப்பலா மரத்திலிருந்தோ செய்யப்பட்டது. செங்குத்தாக எழுந்து உடையும் அலையில் சட்டென்று திரும்பி ஓட இந்த மெல்லிய பலகையே ஏற்றது. இரண்டாவது 'ஓலோ'. இது தலைவர்களுக்கு உரியது. 14 அடிக்கு மேல் நீளம், நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்த உருவம் கொண்டது. 'விலிவிலி' என்ற மிக லேசான மரம் இதற்குச் சிறந்ததாகக் கருதப்பட்டது. விலிவிலி நம் ஊர்க் கல்யாண முருங்கையின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவை. கல்யாண முருங்கைக் கட்டையின் லேசான எடையை அறிந்தவர்களுக்கு, ஹவாய்த் தலைவர்கள் ஏன் அம்மரத்தைத் தேடினார்கள் என்பது எளிதில் விளங்கும்.

ஓலோ உடையும் அலைக்கு உதவாது, திருப்புவதும் கடினம். ஆனால் கரையிலிருந்து வெகுதூரத்தில், இன்னும் உடையாமல் மெல்ல உருண்டு வரும் அலையைப் பிடிக்க அதனால் முடியும். அந்த அலை வரும்வரை அமைதி நீரில் விரைவாகச் செல்லவும் அதனால் முடியும். அதாவது, ஒன்று அலைப்பலகை. மற்றொன்று பாதி அலைக்கும் பாதி அமைதி நீருக்குமானது.

19-ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்த நோய்களால் ஹவாய் மக்கள்தொகை பெருமளவு குறைந்தது. 1820 முதல் வந்த கிறித்தவ மதப்பரப்புநர் பலர் இவ்விளையாட்டை விரும்பவில்லை. அலைச்சறுக்கு முற்றிலும் அழியவில்லை என்றாலும் ஓலோ ஏறத்தாழ மறைந்தது. ஆப்னர் பாக்கி என்ற தலைவரின் ஓலோக்கள் தப்பின. சுமார் 16 அடி நீளமுள்ள அவை, அவருடைய மகள் பெர்னிஸ் பவாகி பிஷப்பின் நினைவாக 1889-இல் ஹொனலுலுவில் நிறுவப்பட்ட பிஷப் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன.

டாம் பிளேக்கின் உள்ளீடற்ற பலகை

அருங்காட்சியகத்தில் இருந்த ஓலோவை மீண்டும் கடலுக்குக் கொண்டுவந்தவர் டாம் பிளேக் (1902–1994). அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கடலே இல்லாத ஊரில் பிறந்தவர், நீச்சல் வீரர். 1920-களில் ஹவாய்க்குச் சென்ற அவர் பாக்கியின் பலகைகளைச் சீரமைத்தார். அவற்றைப் போல ஒன்றைச் செய்யவும் முனைந்தார். முழு மரத்தில் செய்த பலகை பெரும் சுமையாக இருந்தது. எடையைக் குறைக்க அதில் நூற்றுக்கணக்கான துளைகளிட்டு, உலரவிட்டு, மேலே மெல்லிய பலகைகளால் மூடினார். இப்பலகை மிக வேகமாகச் சென்றது. பின்னர் துளையிடும் முறையைக் கைவிட்டு, விமான இறக்கையில் இருப்பது போன்ற உள்விலா எலும்புகளின்மேல் மெல்லிய மரத்தைப் போர்த்தி, உள்ளே வெற்றிடமாக்கினார். இதற்கு 1932-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பழைய பலகைக்காரர்கள் அதனைச் சுருட்டுப் பெட்டி என்று கேலி செய்தனர். உள்ளே கசியும் நீரை வெளியேற்ற ஓர் அடைப்பானும் அதற்குத் தேவைப்பட்டது.

கேலி நீடிக்கவில்லை. 1932-இல் பிளேக் உள்ளிட்டோர் கலிபோர்னியக் கரைக்கும் கேட்டலினா தீவுக்கும் இடைப்பட்ட கடலைப் பலகையில் கைகளால் துழாவியே கடந்தனர். அமைதி நீரில் நெடுந்தூரம் செல்வதற்கான பலகை தனி இனமாகப் பிரிந்தது இக்காலத்தில்தான். கடலோர உயிர்காப்பாளர்களும் அதனை ஏற்றனர். பலகையால் உயிர் காக்க முடியும் என்பது முன்பே மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. 1925 ஜூன் 14 அன்று கலிபோர்னியாவின் கொரோனா டெல் மார் அருகே 'தெல்மா' என்ற படகு பேரலையில் கவிழ்ந்தது. 17 பேர் இறந்தனர். அங்கிருந்த ஹவாய் ஒலிம்பிக் நீச்சல் வீரர் டியூக் கஹனமோக்கு தம் பலகையோடு மீண்டும் மீண்டும் அலைக்குள் சென்று எட்டுப் பேரைக் கரை சேர்த்தார்.

1935-இல் பிளேக் பழைய விசைப்படகு ஒன்றின் அடிப்பட்டையை எடுத்துப் பலகையின் பின்பகுதியில் பொருத்தினார். இதுவே இன்றைய 'ஃபின்' என்னும் அடிச்செதிலின் தொடக்கம். அதுவரை பலகை பக்கவாட்டில் வழுக்காமல் இருக்கக் காலை நீரில் இழுக்க வேண்டியிருந்தது.

நின்றவர் கைக்குத் துடுப்பு

ஹொனலுலுவின் வைக்கீக்கி கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்கு அலைச்சறுக்குக் கற்றுத்தந்த உள்ளூர் இளைஞர் 'கடற்கரைப் பையன்கள்' எனப்பட்டனர். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர்களில் சிலர் பெரிய பலகைகளின்மேல் நின்று, தோணித் துடுப்பால் வலித்துச் சென்றனர். நின்றால் வரும் அலை தூரத்திலேயே தெரியும், மாணவர்களையும் கண்காணிக்கலாம், கழுத்தில் தொங்கும் புகைப்படக் கருவியும் நனையாது.

அதே காலத்தில் பலகையின் பொருள் மாறிக்கொண்டிருந்தது. செம்மரத்துக்குப் பின் பால்சா, கண்ணாடியிழை, 1950-களின் முடிவில் பாலியூரித்தேன் நுரை என வந்தன. எடை குறையக் குறைய நீளமும் குறைந்தது. 1960-களின் இறுதியில் ஆறேழு அடிப் பலகைகள் பெருகின. அலையில் மட்டும் ஓடுவதற்காகக் குறுக்கப்பட்ட அப்பலகையில் நின்று துடுப்பு வலிக்க முடியாது. ஓட்டம் நின்றதும் மூழ்கிவிடும். வைக்கீக்கி வழக்கம் ஊர்ப் பழக்கமாகவே ஒதுங்கியதற்கு இதுவும் காரணம் எனலாம்.

1990-களில் மாவி தீவின் பேரலை வீரர்களான லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா இருவரும் இருவர் ஏறும் 12 அடிப் பலகைகளில் நின்று துடுப்பிட்டுப் பார்த்தனர். தோணித் துடுப்பு குட்டையாக இருந்ததால் நீண்ட துடுப்புகள் செய்யப்பட்டன. அலையில்லாத நாளிலும் கடலுக்குப் போகலாம் என்பதே இதன் கவர்ச்சி. 2000-களில் ஹவாயிலிருந்து பரவிய இவ்விளையாட்டு, கடலே காணாத நாடுகளின் ஏரிகளையும் எட்டியது.

சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை இதன் முன்னோடியாகச் சிலர் கூறுவர். அலை வாயைக் கடந்து செல்லும் கட்டுமரத்தை ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் தம் 1697-ஆம் ஆண்டு நூலிலேயே குறிப்பிட்டுள்ளார். ஆனால் அது மீன்பிடி கலன். ஹவாய்ப் பலகையோடு வரலாற்றுத் தொடர்பு காட்டச் சான்றில்லை. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவ இளைஞர்கள் இன்று இப்பலகையில் ஏறுவது வேறு வழியாக, 21-ஆம் நூற்றாண்டில் வந்தது.

நீளம், அகலம், கனஅளவு

இரு வகைப் பலகைகள் ஏன் தேவை என்பதற்கு இயற்பியலில் விடை உண்டு. ஒரு கலன் நீரைப் பிளந்து செல்லும்போது முன்னே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளம் கூடி, ஒரு கட்டத்தில் கலனின் நீளத்துக்குச் சமமாகிறது. அதற்குமேல் செல்வது தானே எழுப்பிய மேட்டில் ஏறுவது போன்றது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் புரூட் மாதிரிக் கலன்களை இழுத்துப் பார்த்து இத்துறைக்கு அடித்தளமிட்டார். இவ்வழியில் கணக்கிட்டால், நீர்மட்டத்தில் 9 அடி நீளமுள்ள பலகைக்கு இந்த எல்லை மணிக்கு ஏறத்தாழ 7.4 கி.மீ.; 14 அடிப் பலகைக்கு 9.3 கி.மீ. ஆகவேதான் பந்தயப் பலகைகள் 14 அடி நீளமும் கூரிய முகமும் கொண்டுள்ளன.

அலையில் கதை வேறு. அங்கே உந்துவது அலை. பலகை நீரைப் பிளக்காமல் அதன்மேல் வழுக்கி ஓடுகிறது. 14 அடிப் பலகை அலையின் வளைவில் பொருந்தாமல் முகம் குத்தி விழும். எனவே அலைக்கு 8, 9 அடி நீளமும், முன்னும் பின்னும் மேல்நோக்கிய வளைவும் தேவை. அந்த வளைவே அமைதி நீரில் வேகத்தைத் தின்றுவிடும்.

மிதப்புக்கு ஆர்க்கிமிடீஸ் போதும். 75 கிலோ எடையுள்ளவரும் 10 கிலோ பலகையும் சேர்ந்து 85 கிலோ. 85 லிட்டர் கனஅளவுள்ள பலகை இவரோடு நீர்மட்டத்துக்கு அமிழ்ந்து நிற்கும். நிலையாக நிற்க, புதியவருக்குக் கிலோவில் உள்ள உடல் எடையைப் போல் இரு மடங்கு லிட்டர் என்பது வழக்கிலுள்ள கணக்கு. 10½ அடி நீளமும் 32 அங்குல அகலமும் உள்ள 'பொதுப் பலகை' என்பது பிளேக் காலம் தொட்டு வரும் சமரசமே. சிறு அலையிலும் ஏரியிலும் ஓடும். இரண்டிலும் சிறந்து ஓடாது. கற்கும் காலத்துக்கு அதுவே சரி.

காற்றடைத்த பலகைகள் இன்று பெருமளவில் விற்கின்றன. இரு துணிச்சுவர்களை ஆயிரக்கணக்கான நூல்களால் உள்ளே பிணைத்து, காற்றடைத்தாலும் உப்பாமல் தட்டையாக நிற்கச் செய்யும் இந்நுட்பத்தை, குட்இயர் நிறுவனம் 1956-இல் காற்றடைத்த விமானத்துக்கே பயன்படுத்தியது. வீட்டு அலமாரியில் மடித்து வைக்கலாம் என்ற வசதி, நீரைப் பற்றிய அறிவில்லாதவர்களையும் ஆற்றுக்கு அழைத்துச் சென்றது. 2021 அக்டோபர் 30 அன்று வேல்ஸ் நாட்டின் ஹேவர்ஃபோர்ட்வெஸ்டில், வெள்ளம் பெருகிய ஆற்றின் தடுப்பணையில் விழுந்து நான்கு பேர் இறந்தனர். அலையில் பலகை ஓடிவிடாமல் காக்கும் கணுக்கால் கயிறு, ஓடும் ஆற்றில் ஆளையே பிணைத்துவிடும். குனிந்து அவிழ்க்க நீரின் இழுப்பு விடாது. ஆற்றுக்கு உரியது, ஒரே இழுப்பில் கழலும் இடுப்புக் கயிறு.

அலைச்சறுக்கா, தோணியா?

இரு நீர்களின் பூசல் இறுதியில் வழக்காகவும் மாறியது. பன்னாட்டு அலைச்சறுக்குச் சங்கம் 2012-இல் பெருவில் இதன் முதல் உலகப் போட்டியை நடத்தியது. பலகை அலையிலிருந்து வந்தது என்பது அதன் வாதம். துடுப்புள்ள கலன் எதுவும் தங்கள் துறையே என்றது பன்னாட்டுத் தோணிக் கூட்டமைப்பு. அது 2019-இல் சீனாவின் சிங்தாவோவில் தனிப் போட்டி நடத்தியது. விளையாட்டு நடுவர் மன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது: ஒலிம்பிக் அளவில் நிர்வகிக்கும் உரிமை அலைச்சறுக்குச் சங்கத்துக்கு, தோணிக் கூட்டமைப்பும் போட்டிகள் நடத்தலாம். பாரிஸ் 2024 வரை ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெறவில்லை. உலகப் போட்டிகளில் அலைப் பிரிவும் பந்தயப் பிரிவும் தனித்தனியே நடக்கின்றன. இரண்டிலும் கலந்துகொள்பவர் இரண்டு பலகைகளோடுதான் பயணம் செய்ய வேண்டும்.