ஊறப்போட்டது யார்?

பெரும்பாணாற்றுப்படையில் சில சிறுவர்கள் வருகிறார்கள். வலிய கைகளால் வேலை செய்து பிழைப்பவர்களின் பிள்ளைகள். பழஞ்சோற்றைத் தின்று தின்று அவர்களுக்கு வெறுத்துப்போகிறது. புதிதாய் வேய்ந்த குடிசையின் முற்றத்தில் அவல் இடிபடுகிறது, உலக்கைச் சத்தத்துக்கு அக்கம்பக்கத்துக் கிளிகள் வெருளுகின்றன. நாட்டு வளத்தைச் சொல்லும் பகுதி என்று இதை வகுப்பில் நடத்துவது வழக்கம். நானும் அப்படித்தான் தொடங்குவேன். ஆனால் முந்தின இரவு மிஞ்சிய சோற்றை வழித்து, தண்ணீர் ஊற்றி, மூடி வைத்தது யார்? புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பிள்ளைகளின் அலுப்பைப் பார்த்திருக்கிறார், கிளியின் பயத்தைப் பார்த்திருக்கிறார். சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றியவள் பாட்டில் இல்லை.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு இன்று யூடியூபில் ஓர் அறிவுரை ஓயாமல் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமையே வாரத்துக்கான மாவு, குழம்பு, தொக்கு எல்லாம் செய்து டப்பாக்களில் அடைத்துவிட்டால், வாரம் முழுவதும் இரவுச் சாப்பாடு செலவு குறைந்து, சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார்கள். கண்ணாடி டப்பாக்களும் லேபிள்களும் சேர்ந்து இதைப் புதுக் கண்டுபிடிப்புபோல் காட்டுகின்றன. முன்கூட்டிச் செய்து வைக்காமல் நம் பெண்களுக்கு ஒரு வேளையும் கழிந்ததில்லை. எந்த வேளைக்காக, எந்த நேரத்தைத் தின்று அதைச் செய்தார்கள் என்பதுதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அதைத்தான் நான் எழுதிப் பார்க்க விரும்புகிறேன்.

நெல் கூலியாகக் கிடைத்த காலத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் போன பெண்களின் வீட்டில், பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஓர் உலைதான். கூலி நெல் பொழுது சாய்ந்த பிறகுதான் கைக்கு வரும். அதைக் குத்தி, புடைத்து, கல் பொறுக்கி, அப்புறம் உலை வைக்க வேண்டும். ஆகவே சுடுசோறு இரவில்தான். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றினால் அது விடியலுக்கு. காலையில் மறுபடி அடுப்பு மூட்ட விறகும் இல்லை, நேரமும் இல்லை. பழையதைக் கரைத்துக் குடித்து, ஒரு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு வயலுக்கு இறங்கினார்கள். முன்கூட்டிச் செய்தது அன்றைக்குக் காலை உணவு, புதிதாய்ச் சமைத்தது இரவு உணவு. இன்றைய வேலைக்காரப் பெண்ணின் நாளை அப்படியே தலைகீழாய்ப் பிடித்தால் இந்த நாள் கிடைக்கும். அதே பழையதை இப்போது மண்கலயத்தில் ஊற்றி, குடலுக்கு நல்லது என்று எழுதிப்போட்டு விற்கிறார்கள். குடலுக்கு நல்லதுதான். ஆனால் அவர்கள் அதைக் குடித்ததற்குக் காரணம் குடல் அல்ல.

நிலமுள்ள வீடுகளில் கதை வேறு. அங்கே நேரத்தைத் தின்றது ஆட்டுரல். அரிசியையும் உளுந்தையும் ஒரு பெரிய குடும்பத்துக்கு ஆட்டி முடிக்க, ஒரு கை குழவியைச் சுற்ற மறு கை மாவைத் தள்ளிவிட, மணிக்கணக்கில் குந்தியிருக்க வேண்டும். அந்த இடத்தில் பெரும்பாலும் குந்தியிருந்தவர்கள் புது மருமகள்களும், புருஷனை இழந்து அண்டி வாழ்ந்த அத்தைகளும் சித்திகளும்தான். நெல் குத்த வாசலுக்கு வந்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் ஈர மாவைத் தொட விடப்படவில்லை. உலர்ந்த தானியத்துக்கு இல்லாத தீட்டு, தண்ணீர் பட்டதும் வந்துவிடும். மாவாட்டிய உழைப்பைப் பற்றிப் பேசும்போது யார் மருமகளாக உட்கார்ந்தாள், யார் வாசலிலேயே நிறுத்தப்பட்டாள் என்று இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. பெரும்பாலான கிராமத்து வீடுகளுக்கு இட்லியும் தோசையும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிற பண்டங்கள். அறுபது வயதைத் தாண்டிய எந்தக் கிராமத்துப் பெண்ணைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

அந்தப் பண்டிகைப் பண்டம் எப்படி ஒவ்வொரு நாள் இரவுக்குமான சாப்பாடாக ஆனது?

வழக்கமான பதில், கிரைண்டர். 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் மின்சார வெட் கிரைண்டரை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறது. மோட்டாரும் பம்ப்செட்டும் செய்யத் தெரிந்த ஊர். கல்லுக்கு ஊத்துக்குளி பக்கத்திலேயே இருந்தது. முதலில் ஓட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் போய், பிறகு வசதியுள்ள வீடுகளுக்கு வந்தது. மற்றவர்களுக்கு, தெருவில் யாராவது ஒரு கிரைண்டர் வாங்கிப்போட்டு ‘இங்கு மாவு அரைத்துத் தரப்படும்’ என்று அட்டை தொங்கவிட்டால் உண்டு. ஊறின அரிசியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிற வேலை பெண் குழந்தைகளுக்கு. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனிலிருந்து ரேஷனில் மாதம் 20 கிலோ அரிசி இலவசமானது. அரிசிக்கும் காசு வேண்டாம், ஆட்டுகிற கைக்கும் வலி வேண்டாம் என்றானதும் தோசை ஏழை வீட்டின் இரவுச் சாப்பாடாக உறுதிப்பட்டது.

இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். இலவசம் என்று ஏளனம் செய்தவர்களில் ஆட்டுரலுக்கு முன் குந்தியிருந்தவர்கள் எத்தனை பேர்? ஆனால் அந்த வரலாற்றில் இன்னொன்றும் இருக்கிறது. கிரைண்டர்கள் வீடு வந்து சேர்ந்த 2012இல் சென்னைக்கு வெளியே நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இருக்காது. எப்போது வரும் என்றும் தெரியாது. நடுராத்திரி விளக்கு எரிந்ததும் எழுந்து மாவு போட்ட பெண்களை எனக்குத் தெரியும். எந்திரம் கையை விடுவித்தது. தூக்கத்தை எடுத்துக்கொண்டது.

அமெரிக்க வரலாற்றாசிரியை ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ஒரு நூலில், வீட்டுக்குள் எந்திரங்கள் வந்த பிறகும் தாய்மார்களின் வேலை நேரம் எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்று காட்டினார். எந்திரம் பல நேரம் வீட்டில் மற்றவர்கள் செய்துகொண்டிருந்த வேலையை ஒழித்தது, அவள் வேலையை அவளிடமே விட்டது, எதிர்பார்க்கும் தரத்தையும் கூட்டியது. கிரைண்டருக்கு இது பொருந்துகிறது. தீபாவளிக்கு ஒருமுறை தோசை என்றிருந்த வீட்டில் ஆட்டும் வலி வருஷத்துக்குச் சில நாள். இப்போது வலி இல்லை, ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை மாவு. சாம்பாரும் சட்னியும் தனி. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். 2024இல் 289, 88. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்த இடத்தில் ஆணுக்கும் ஒன்பது குறைந்திருக்கிறது. ஈடுபட்ட ஆண்களின் கணக்கு மட்டுமே இது. 2019இல் அப்படி ஈடுபட்ட ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான்.

மாவின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம். ஊற நான்கு மணி நேரம். அரைபட, அள்ள, கல்லைக் கழுவ ஒரு மணி நேரம். புளிக்க எட்டு மணி நேரம், மார்கழியில் இன்னும் கூட. நாளை இரவுக்கான தோசை இன்று பகலிலேயே தொடங்கிவிடுகிறது. இதில் கை படுவது மொத்தம் அரைமணிதான். மிச்சப் பன்னிரண்டரை மணி நேரமும் யாரோ ஒருத்தியின் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஊறியிருக்குமா, பொங்கி வழிந்திருக்குமா, ஃபிரிட்ஜில் எடுத்து வைத்தார்களா? நேரக் கணக்கெடுப்பில் இதற்குக் கட்டம் இல்லை.

மாவுக்கு வயது உண்டு. முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் வெங்காயம் தூவிய ஊத்தப்பம், புளிப்பேறிய நான்காம் நாள் தாளித்துக் கொட்டிய குழிப்பணியாரம். ஒரே மாவை நான்கு இரவுக்கு நான்கு பெயரில் போட்டு, ‘இன்னைக்கும் இதேதானா’ என்ற கேள்வியைத் தள்ளிப்போடும் சாமர்த்தியத்தை எந்தப் பாடத்திட்டமும் கற்றுத் தரவில்லை. புளிக்காய்ச்சலும் அப்படித்தான். நல்லெண்ணெய் மேலே மிதக்கச் சுண்டவைத்தால் பதினைந்து நாள் தாங்கும், சோறு வடித்தால் இரவு முடிந்தது. வத்தக்குழம்பும் மீன்குழம்பும் மறுநாள்தான் ருசி. ஏழு மணிக்குப் பேருந்தில் நின்றுகொண்டு வருகிறவளுக்கு இந்தப் பண்டங்கள் தருகிற நிம்மதி எனக்குத் தெரியும். வாரத்தில் மூன்று இரவாவது நானும் அவற்றால்தான் கரையேறுகிறேன்.

ஆனால் ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மாவு இரண்டாம் நாளே முறுகிவிடும். நான் பாடம் நடத்தும் கல்லூரி திருப்பூர் பக்கம். மாணவிகள் பலரின் அம்மாக்கள் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வர முடியும். அந்த அம்மாவுக்குப் பகல் நான்கு மணி நேரம் வீட்டில் எங்கே இருக்கிறது? ஆகவே ஊறப்போடும் வேலை மகளுக்கு வருகிறது. பிற்பகல் வகுப்புக்கு அடிக்கடி வராத ஒரு மாணவியிடம் காரணம் கேட்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்குப் போய் அரிசி நனையப்போட்டு, மாலையில் அரைத்து வைக்க வேண்டும் என்றாள். அம்மா மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டு, “அரிசி நனையப் போட்டயா கண்ணு?” என்று கேட்பாராம். அண்ணன் வீட்டில்தான் இருக்கிறான், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறான். அவன் தூக்கத்தை யாரும் கலைப்பதில்லை. அவள் வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. தேர்வு எழுத அபராதம் கட்ட வேண்டும். அந்த வீட்டு தோசையின் விலையில் இந்த அபராதத்தையும் சேர்க்க வேண்டாமா?

கடை மாவு வாங்கலாமே என்பீர்கள். வாங்குகிறார்கள். 2005இல் பெங்களூரில் பி.சி. முஸ்தஃபாவும் அவர் உறவினர்களும் தொடங்கிய ஐடி நிறுவனம் பாக்கெட் மாவைப் பெரிய வணிகமாக்கியது. ஆனால் அதற்கு முன்பே நம் தெருக்களில் வீட்டு வாசலில் ஒரு டிரம்மை வைத்துக்கொண்டு கிலோக் கணக்கில் மாவு விற்ற பெண்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இவர்களைப் பற்றி எந்தத் தொழில் இதழும் எழுதுவதில்லை. தெரு முழுவதும் தோசை சுட அவர் அதிகாலை மூன்றுக்கு எழுகிறார். என்றாலும் கடை மாவு வாங்குகிறவளுக்கு ஒரு பெயர் உண்டு, சோம்பேறி. ‘அம்மா கைப்பக்குவம்’ என்ற சொல்லை நான் வெறுக்கத் தொடங்கியது அதனால்தான். அது பாராட்டு மாதிரி வந்து வேலையைத் திரும்ப அவள் தலையிலேயே வைத்துவிட்டுப் போகிறது. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யைப் படித்த ஒவ்வொரு தலைமுறை மாணவியும் அந்த மூலையைத் தன் வீட்டில் அடையாளம் கண்டுகொள்கிறாள். 1988இல் அந்தக் கதை ஒரு தொகுப்பின் தலைப்பாகவும் வந்தபோது அவர்களில் யாரும் பிறந்திருக்கவில்லை.

தமிழ்நாட்டில் அரசும் சமைத்திருக்கிறது. 1956இல் காமராஜர் ஆட்சியில் பள்ளி மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் காலை உணவுத் திட்டம். ஒவ்வொன்றும் பிள்ளைகளின் பசியைப் பார்த்து வந்தது. கூடவே, பெயர் சொல்லாமல், தாயின் ஒரு வேளையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. மதியம் போயிற்று, காலை போயிற்று. இரவு மட்டும் அப்படியே அவளிடம் இருக்கிறது. 2013இல் வந்த அம்மா உணவகத்தில் இரவுக்குச் சப்பாத்தி கிடைத்தது, மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் கூலிக்குச் சமைத்தார்கள். வீட்டுச் சமையல் வீட்டுக்கு வெளியே, சம்பளத்துடன் நடக்க முடியும் என்று அது காட்டியது. ஆனால் குடும்பத்தோடு உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிடும் இடமாக அதை யாரும் நினைக்கவில்லை. 2023இல் வந்த மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய். உரிமை என்ற சொல் அதில் இருப்பதை நான் மதிக்கிறேன். கணக்குப் போட்டால் நாளுக்கு 33 ரூபாய், அந்த 289 நிமிடத்தால் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 7 ரூபாய்.

சென்ற பருவத்தில் முதுகலை மாணவிகளிடம் ஒரு பயிற்சி கொடுத்தேன். நேற்று இரவு உங்கள் வீட்டில் என்ன சாப்பாடு, அதைச் சமைத்தது யார், அதை எப்போது யார் நினைக்கத் தொடங்கினார்கள் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். முதல் இரண்டு கேள்விகளுக்கு ஒரே வரியில் பதில் எழுதியவர்கள் மூன்றாவதற்குப் பக்கம் போதாமல் பின்புறமும் எழுதினார்கள். ஒருத்தி, தன் வீட்டில் ஞாயிறுதோறும் அப்பாதான் கிரைண்டர் போடுகிறார் என்று எழுதியிருந்தாள். வகுப்பு கைதட்டியது. அவள் தொடர்ந்து வாசித்தாள். காலை பத்து மணிக்கு அம்மா நினைவுபடுத்துவார், ஊறப்போட்டாயிற்றா என்று. இரண்டு மணிக்கு மறுபடி. அளவு ஒவ்வொரு வாரமும் கேட்கப்படும், ஒவ்வொரு வாரமும் சொல்லப்படும். சென்ற ஞாயிறு அம்மா வேண்டுமென்றே ஒன்றும் சொல்லாமல் இருந்து பார்த்தாராம். அன்று மாலை ஆறு மணிக்கு அப்பா வந்து, இன்னைக்கு மாவு அரைக்க வேண்டாமா என்று கேட்டார். அரிசி டப்பாவிலேயே இருந்தது. அந்த வாரம் முழுவதும் அவர்கள் வீட்டில் ரவா உப்புமா.