குறிப்பேடு போய்ச் சேர்ந்ததா?

மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை கணக்கெழுதுவதைக் கவனித்திருக்கிறீர்களா? கொடுக்கல் வாங்கலை நடந்த வரிசைப்படியே முதலில் குறிப்பேட்டில் பதிவார். பெயர்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவது பிறகுதான். பேரேடு எரிந்துபோனாலும், அதன் பழைய நகல் ஒன்றும் அதற்குப் பிந்திய குறிப்பேடுகளும் இருந்தால் கணக்கை மீண்டும் எழுதிவிடலாம்.

தரவுத்தளங்களும் இவ்வாறே இயங்குகின்றன. மாற்றப்பட்ட தரவு வட்டுக்குப் போகுமுன் அம்மாற்றத்தின் குறிப்பு அங்கே பதிந்திருக்க வேண்டும் என்ற விதியை, ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜிம் கிரே 1978-இல் வெளியிட்ட குறிப்புகளில் காணலாம். (எங்கள் ஆய்வுக்கூடத்தில் ரஃப் நோட்டில் எழுதாமல் நேரே ரெக்கார்டில் எழுதும் மாணவர்கள் இவ்விதியை மீறுபவர்கள்!)

குறிப்பேட்டின் நகலை வேறொரு கணிப்பொறிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால், முதன்மைக் கணிப்பொறி பழுதானதும் அந்த மாற்றுக் கணிப்பொறி வேலையை ஏற்கலாம் அல்லவா? போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் 2005 ஜனவரியில் வந்த 8.0 பதிப்பு இதற்கு அடிகோலியது. அதில் குறிப்பேடு 16 மெகாபைட் துண்டுகளாக எழுதப்படுகிறது. ஒரு துண்டு நிரம்பியதும், நிர்வாகி எழுதிவைத்த கட்டளை அதைப் படியெடுக்கும். 'முடிந்தது' என்று கட்டளை சொல்லும்வரை முதன்மைக் கணிப்பொறி அத்துண்டை அழிப்பதில்லை.

சிக்கல் அந்த 'முடிந்தது' என்ற சொல்லில்தான் இருக்கிறது. 16-இல் 9 மெகாபைட் போனதும் இணைப்பு அறுந்தால்? மறுமுனையில் கோப்பின் பெயர் இருக்கும்; உள்ளே பாதிதான் இருக்கும். ஆகவே முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி, அளவைச் சரிபார்த்து, வட்டில் பதிந்ததை உறுதி செய்தபின்பே உரிய பெயருக்கு மாற்ற வேண்டும். ஒரே வட்டுப் பகுதிக்குள் பெயர் மாற்றம் பாதியில் நிற்காது. ஒன்று நடந்திருக்கும், அல்லது நடந்திராது. அதே பெயரில் வேறு துண்டு ஏற்கெனவே இருந்தால் அதன்மேல் எழுதவே கூடாது. 43-ஆம் துண்டு தொலைந்தால், 44 முதல் எல்லாம் பத்திரமாக இருந்தும் பயனில்லை. மாற்றுக் கணிப்பொறி 42-இலேயே நின்றுவிடும்.

2010 செப்டம்பரில் வந்த 9.0 பதிப்பில், துண்டு நிரம்பக் காத்திராமல் குறிப்புகளை உடனுக்குடன் அனுப்பும் வசதி வந்தது. இனித் துண்டுகளைப் படியெடுத்துச் சேமிப்பானேன் என்று பலர் விட்டுவிட்டனர். இது தவறு என்பது என் கருத்து.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். வேலைப்பளு மிகுந்து மாற்றுக் கணிப்பொறி பின்தங்கியது. அதற்கு வேண்டிய துண்டுகளை முதன்மைக் கணிப்பொறி அதற்குள் அழித்துவிட்டிருந்தது. துண்டுகளைச் சேமிக்கும் ஏற்பாடோ அங்கு இல்லை. மாற்றுக் கணிப்பொறியைத் துடைத்துப் புதிதாகத் தொடங்க முயன்ற பொறியாளர், அழிக்கும் கட்டளையை முதன்மைக் கணிப்பொறியில் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் நிறுத்தியும், சுமார் 300 கிகாபைட்டில் எஞ்சியது 4.5 மட்டுமே. அன்றாடக் காப்பு நகலும் பதிப்பு முரண்பாட்டால் எடுக்கப்படாமலே இருந்து வந்தது.

கைகொடுத்தது, சோதனைப் பணிக்காக ஒரு பொறியாளர் சுமார் 6 மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த நகல். இடைப்பட்ட 6 மணி நேரத் தரவு திரும்பவில்லை.