லுவாங்வாப் பள்ளத்தாக்கு: துவக்கும் கச்சானும்

ஆபிரிக்க வனவிலங்குகளைப் பற்றி எழுதுவோர் யானைக்கும் சிங்கத்துக்கும் கொடுக்கும் இடத்தை அவற்றின் அயலில் குடியிருக்கும் மனிதருக்குக் கொடுப்பதில்லை. ஆனால் சாம்பியாவின் கிழக்கேயுள்ள லுவாங்வாப் பள்ளத்தாக்கின் வரலாற்றை அம்மனிதரின் பசியை விலக்கிவைத்து எழுதமுடியாது.

அந்நாடு வட ரொடீசியா என அழைக்கப்பட்ட காலத்தில், 1938இல், பிரித்தானிய நிர்வாகம் அங்கு வனவிலங்கு ஒதுக்கிடங்களை வகுத்தது. செற்சி ஈயின் காரணமாக மாடு வளர்ப்பது அரிதான அப்பள்ளத்தாக்கில் குண்டா, பீசா மக்களுக்குக் காட்டு இறைச்சியே கறி. பாட்டன், பூட்டன் காலத்து வேட்டை, சட்டத்தின் பார்வையில் களவாயிற்று. இதற்கு மாறாகச் சிந்தித்தவர் அதே நிர்வாகத்தில் பணியாற்றிய நொர்மன் கார். 1950இல் அவரது யோசனையை ஏற்று, குண்டா மக்களின் தலைவர்களுள் ஒருவரான நிசெஃபு தமது நிலத்தில் ஒரு பகுதியை விலங்குகளுக்கென ஒதுக்கினார். பார்க்க வருவோர் செலுத்திய பணம் மக்களுக்குச் சென்றது. காலத்தை முந்திய முயற்சி அது.

1964இல் சுதந்திரம் வந்தது. 1972இல் தெற்கு லுவாங்வா தேசிய பூங்காவாயிற்று. அப்போது பள்ளத்தாக்கில் ஏறத்தாழ ஒரு இலட்சம் யானைகள் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அவற்றில் பெரும்பகுதியைத் தந்த வணிகம் தின்றுவிட்டது; கறுப்புக் காண்டாமிருகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

1980களின் பிற்பகுதியில் அரசு ‘அட்மேட்’ என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. வெளிநாட்டு வேட்டைக்காரர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கு கிராமங்களுக்கு உரியதாயிற்று. பாடசாலையும் மருந்தகமும் எழும்பின. ஆனால் கண்ணி வைத்தவனின் பிள்ளையும் அதே பாடசாலைக்குத்தான் சென்றது. வேட்டையைக் கைவிட்ட குடும்பத்துக்கென்று தனியாக எதுவும் கிடைக்கவில்லை. அதிகாரிகள் இதை உணர நீண்ட காலம் எடுத்தது என்பது வியப்புக்குரியது.

இத்திட்டத்தோடு தொடர்புடையவராக இருந்த அமெரிக்கச் சூழலியலாளர் டேல் லூயிஸ், யார் கண்ணி வைக்கிறார்கள் என்று பார்த்தார். தந்தக் கும்பல்கள் ஒருபுறம். மற்றப்புறம், அறுவடைக்கு முந்திய மாதங்களில் களஞ்சியம் காலியாகிப்போன கமக்காரர். அவர்கள் இம்பாலா மானுக்கு வைத்த கம்பிக் கண்ணி யானையின் காலையும் சிங்கத்தின் கழுத்தையும் அறுத்தது.

2003இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தின் அனுசரணையுடன் ‘கொமாக்கோ’ தொடங்கியது. பின்னர் அது இலாபநோக்கற்ற கம்பனியாயிற்று. ஏற்பாடு எளியது. கண்ணியையும் இடியன் துவக்கையும் ஒப்படைத்து, காட்டையும் வயற்சருகையும் எரிக்காமல் பயிர்செய்ய உடன்படுவோரின் கச்சானையும் நெல்லையும் தேனையும் சந்தைவிலைக்கு மேலாகக் கொள்வனவு செய்வார்கள். அவை கச்சான் வெண்ணெயாகவும் பொதிசெய்த அரிசியாகவும் ‘இட்ஸ் வைல்ட்’ என்ற பெயரில் நகரக் கடைகளுக்குச் செல்லும். வேட்டையையே தொழிலாகக் கொண்டிருந்தவருக்குத் தச்சுவேலையும் தேனீ வளர்ப்பும் கற்பிக்கப்பட்டன. பல்லாயிரம் கண்ணிகள் வந்துசேர்ந்தன.

மண் களைத்ததும் புதுக்காடு வெட்டும் வழக்கம் நமது சேனைப் பயிர்ச்செய்கையை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. அதற்கு மாற்றாகப் பயிருக்கிடையே நடப்படும் மரங்களுள் ஒன்று, நம்மூர் வேலிகளில் நிற்கும் சீமைக்கிளுவை. வெட்டிய தழை மண்ணுக்கு உரமாகிறது; அதே நிலத்தில் தொடர்ந்து பயிரிடலாம்.

2011இல் லூயிஸும் சகாக்களும் அமெரிக்க அறிவியற் கழகத்தின் ஆய்விதழில், குறைந்துவந்த விலங்குத்தொகை நிலைபெறுவதைக் காட்டும் தரவுகளை வெளியிட்டனர். முழுத்திட்டமும் வென்றதா தோற்றதா என்று அளந்துகூறுவது அப்போதைக்குக் கடினம் என்பதையும் அவர்களே எழுதினர். அந்த நேர்மை தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளில் அரிது. எனினும் திட்டம் நன்கொடைகளின் தோளிலேறி வளர்ந்தது என்பதையும், மேலதிக விலைக்குரிய நிபந்தனைகளை எழுதியவர் கமக்காரர் அல்லர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

2024 பெப்ரவரி 29இல் சாம்பிய ஜனாதிபதி ஹக்காயிண்டே ஹிச்சிலேமா வரட்சியைத் தேசிய அனர்த்தமாகப் பிரகடனம் செய்தார். நாட்டின் பெரும்பகுதியில் சோளம் வயலிலேயே கருகியிருந்தது. விளைச்சலுக்கு நல்ல விலை தருவதுதான் கொமாக்கோவின் ஒப்பந்தம். விளைச்சலே இல்லாத ஆண்டில் கமக்காரர் எதைக் கொண்டுபோய் விற்பார் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.