பாட்டன் பிறந்த ஊர்

கொக்குவிலிலும் அதன் அயற் கிராமங்களிலும் மலாயாப் பணத்தால் எழுந்த கல்வீடுகள் பல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலாக, ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் இலிகிதர்களாகவும் புகையிரத நிலைய அதிபர்களாகவும் மலாயா சென்றனர். ஓய்வூதியத்தோடு மீண்டோரை ஊரார் ‘மலாயன் பென்சனியர்’ என்று மதித்தனர். அங்கே பிறந்த பிள்ளைகளுள் ஒருவர், 1898 இல் ஈப்போவிற் பிறந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம்.

தன் மக்களைக் கடல் கடந்து அனுப்பிய இந்நாடு, தன்னிடம் வந்து உழைத்தோர்க்கு வழங்கிய நீதி யாது?

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தமை மட்டும் போதாது என்றது. தந்தையேனும், அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். தந்தையும் பாட்டனும் இலங்கையிற் பிறந்திருப்பின், ஈப்போவிற் பிறந்தவரும் பிரசையே. அட்டனிற் பிறந்து அங்கேயே கொழுந்து பறித்த பெண்ணோ, முன்னோர் தமிழகத்திற் பிறந்த காரணத்தால் அந்நியள்! 1949 இல் வந்த சட்டம் பதிவுக்கு வழிவிட்டதெனினும், நீண்டகால வதிவுக்கு அது கேட்ட சான்றுகள் லயத்துத் தொழிலாளிக்கு எட்டாதவை.

காரணம் வெளிப்படை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. வேறு தொகுதிகளிலும் தோட்ட மக்களின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணையாயிற்று. அந்த வாக்குரிமை 1949 இற் பறிக்கப்பட்டது. அமைச்சராயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் பதிவுச் சட்டத்தை ஆதரித்தார். அதனை எதிர்த்துப் பிரிந்த செல்வநாயகம் முதலானோர் அவ்வாண்டு டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர்.

இடதுசாரி இயக்கமும் தன் வரலாற்றை மறைத்தல் தகாது. 1948 இல் எதிர்த்து நின்ற லங்கா சமசமாஜக் கட்சி, 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அரசாங்கத்திற் பங்காளியாயிருந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, 150,000 பேரின் முடிவு பின்னர் என மனிதர் பங்கிடப்பட்டனர். 1988 ஆம், 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களே எஞ்சிய நாடற்றோரின் நிலையைத் தீர்த்தன. ஆயினும் பரம்பரையே அளவுகோல் என்னும் அடிப்படை விதி இன்றும் மாறவில்லை.

1983 இன் பின்னர் கொக்குவிலின் பிள்ளைகள் மீண்டும் கடல் கடந்தனர். ரொறன்ரோவில் அவர்களுக்குப் பிறந்த குழந்தையிடம் கனடாச் சட்டம் பாட்டன் பிறந்த ஊரைக் கேட்பதில்லை. பிறந்த மண்ணே அதற்கு உரிமை தருகிறது. இதே உரிமை அட்டனிற் பிறந்த குழந்தைக்கு மறுக்கப்பட்டபோது வடக்கில் எழுந்த குரல்கள் எத்தனை என்பதை, நமது மாணவர்கள் வரலாற்று வகுப்பிற் கேட்டறிதல் வேண்டும்.